மலையில் பைக் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

மியன்மாரில் மாண்டலேயிலிருந்து மேமியோவுக்கு 67 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் சாலை ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறிவிடுகிறது. ஊருக்குள் காய்கறிச் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடிக்கொண்டிருந்த 110 சிசி, 125 சிசி வண்டிகள் பலவும் முதன்முதலாக முனகுவது இந்த ஏற்றத்தில்தான். அங்கேயே முனகினால் நல்லது, பக்கத்திலேயே கடை இருக்கிறது. மேமியோ தாண்டி நவுங்சோ, கொக்தெய்க் பள்ளத்தாக்கு, சௌக்மே, சீபாவ் என்று ஷான் மலைக்குள் போனாலோ, மேற்கே கலேயிலிருந்து ஃபாலம், ஹாக்கா என்று சின் மலை ஏறினாலோ, மித்சீனாவுக்கு வடக்கே புட்டாவோ பக்கம் திரும்பினாலோ, ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே அரைநாள் ஓட்டம் இருக்கும். ரங்கூனில் பைக்குக்குத் தடை என்பதால் அங்கிருந்து வரும் நம்மவர்களில் பலர் மாண்டலேயில் வண்டி வாங்கி அல்லது வாடகைக்கு எடுத்து நேரே மலைக்குப் போகிறார்கள். வண்டியின் குணமே தெரியாமல் மலையேறுபவர்கள் அவர்கள். இது முக்கியமாக அவர்களுக்கு.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: கோளாறு எங்கே தொடங்கியது? ஏற்றத்திலா, இறக்கத்திலா, விடியற்காலையிலா, தண்ணீரைக் கடந்த பிறகா, பெட்ரோல் ஊற்றிய பிறகா? மலையில் வண்டி உடைவது குறைவு. உயரத்துக்கும் சூட்டுக்கும் தூசிக்கும் ஒத்துப்போகாமல் அடம்பிடிப்பதுதான் அதிகம். தொடங்கிய இடம் தெரிந்தால் பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். அது தெரியாமல் பிளக்கையும் கார்புரேட்டரையும் மாறிமாறிக் கழற்றினால் இல்லாத கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

நிறுத்தும் இடம்

1970 முதல் இந்த நாட்டில் வலப்பக்கப் போக்குவரத்து. ஆனால் ஓடும் கார்களில் ஏராளமானவற்றுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னால் போகும் லாரியை முந்த நினைக்கும் ஓட்டுநருக்கு, வண்டி பாதி வெளியே வந்த பிறகுதான் எதிர்ச்சாலை தெரியும். ஆகவே வளைவில் நிற்காமல், வண்டியைத் தள்ளிக்கொண்டாவது நேர்ச்சாலைக்கு வந்துவிடுங்கள்.

ஆனால் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். 2023இல் கண்ணிவெடியால் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கையில் உலகிலேயே முதலிடம் இந்த நாட்டுக்கு. தார் அல்லது பலரும் மிதித்துத் தேய்ந்த மண், இரண்டுக்கும் வெளியே கால் வைக்கக் கூடாது. நிழலுக்காகவும் கூடாது, சிறுநீர் கழிக்கவும் கூடாது. பின்னால் வருபவருக்கு எச்சரிக்கையாக மரக்கிளையைப் போடும் பழக்கம் உண்டு. அந்தக் கிளையை ஒடிக்கவும் புதருக்குள் போக வேண்டாம். சிவப்புத் துணியைக் கட்டிய ஹெல்மெட்டை 30 மீட்டர் பின்னால் வைத்தால் போதும். அடுத்த ஊர்வரை வழி திறந்திருக்கிறதா என்பதை அன்றன்று காலையில், எதிர்த்திசையிலிருந்து வந்த லாரிக்காரரிடம் கேளுங்கள். நேற்றைய செய்தியை நம்பிக் கிளம்ப முடியாத காலம் இது.

ஏற்றத்தில் இழுக்கவில்லை

இதற்கு ஐந்து காரணங்கள் உண்டு. எளிதில் பார்க்கக்கூடியதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் பிரேக். நிறுத்தியதும் இரண்டு சக்கரங்களின் நடுவிலும் கையை மெல்லக் கொண்டுபோங்கள். ஏறி வந்த வண்டியில் அங்கே சூடு இருக்கக் கூடாது. இருந்தால் பிரேக் உரசுகிறது. நடு ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் இரண்டு மூன்று சுற்றாவது தானாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் பிரேக் கம்பியின் முனையில் இருக்கும் நட்டை அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்துங்கள். மிதியில் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை வெறும் ஆட்டம் இருப்பது சரியான அளவு.

அடுத்தது கிளட்ச். இஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கையில் கிளட்ச் பிடி உள்ள 125 வண்டியில் பிடியின் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா பாருங்கள். சூட்டில் தளர்வு மறைந்து கேபிள் இறுகிப்போவதே வழக்கமான காரணம். ஹோண்டா வேவ், ட்ரீம், அவற்றின் சீன நகல்கள் எல்லாவற்றிலும் கிளட்ச் பிடி கிடையாது. வலப்பக்க இஞ்சின் மூடியில் ஒரு நட்டும் அதன் நடுவே ஒரு திருகும் இருக்கும். நட்டைத் தளர்த்தித் திருகைக் கடிகாரச் சுற்றில் ஒரு சுற்று திருப்புங்கள். பிறகு எதிர்ச்சுற்றில் மெதுவாகத் திருப்பி, லேசாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து மறுபடி கடிகாரச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும். திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இரண்டு நிமிட வேலை. இதைத் தெரியாமல் கிளட்ச் தட்டுகளையே மாற்றியவர்கள் நிறையப் பேர்.

சரிசெய்தும் வழுக்கினால் இஞ்சின் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். கார் ஆயிலை ஊற்றியிருந்தால் அதில் உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்திருக்கும். இந்த இஞ்சின்களில் கிளட்ச் அதே ஆயிலுக்குள்தான் மூழ்கிக் கிடக்கிறது. டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறி இருக்க வேண்டும். ‘எம்பி’ என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது.

மூன்றாவது, ஏர் ஃபில்ட்டர். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை செம்மண் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் போனாலே ஃபில்ட்டர் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். ஸ்பாஞ்சு வகை என்றால் மண்ணெண்ணெயில் பிழிந்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, சில துளி இஞ்சின் ஆயில் விட்டுப் பிசைந்து மாட்டுங்கள். உலர்ந்த காகித வகை என்றால் தட்டி உதறினால் போதும், கழுவக் கூடாது. ஹோண்டாவில் எண்ணெய் ஊறிய காகிதம் வரும். அதைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். கைவசம் ஒன்று இருக்கட்டும்.

நான்காவது, பெட்ரோல் வரத்து. ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திணறி நின்று, சற்று நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனால், டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் சந்தேகமே இல்லை. மழைக்காக டேங்க் மேல் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் உறையும் இதையே செய்யும்.

இந்த நான்கும் சரி என்றால்தான் உயரத்தைக் குற்றம் சொல்ல வேண்டும். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் இஞ்சின் வலு குறையும். காற்று மெலிவதால் அது தவிர்க்க முடியாதது. மேமியோ உயரத்தில் பெரிதாகத் தெரியாது. சின் மலைப்பகுதியின் விக்டோரியா மலை 3,053 மீட்டர். கான்பெட்லெட்டிலிருந்து அதன் பக்கம் ஏறும்போது வலுவில் கால்பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. காற்று மெலிந்தாலும் ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) வழியாக வரும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. பெட்ரோல் மிகுந்து, கரும்புகை வந்து, பிளக் கரி பூசிக்கொள்ளும். சோதனை எளிது: ஏர் ஃபில்ட்டர் மூடியைக் கழற்றிவிட்டு நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள். இழுவை கூடினால் கலவையில் பெட்ரோல் மிகுதி. (சோதனை முடிந்ததும் மூடியைப் போட மறக்க வேண்டாம்.)

கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகி எடுத்தால் ஆக்சிலேட்டர் கேபிளோடு நீடில் வெளியே வரும். அதன் தலையில் சில காடிகள், ஒரு காடியில் சிறு கிளிப் இருக்கும். கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் நீடில் ஒரு படி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். 2,000 மீட்டருக்கு மேல் ஓரிரு நாள் மட்டுமே ஓட்டப்போகிறவருக்கு இது போதும். வாரக்கணக்கில் மேலேயே இருக்கப்போகிறவர் மெயின் ஜெட்டை ஒரு எண், மிஞ்சினால் இரண்டு எண் சிறியதாக மாற்றலாம். நியூட்ரலில் துடிப்பு சரியில்லை என்றால் பக்கத் திருகைப் பாருங்கள். அது ஃபில்ட்டர் பக்கம் இருந்தால் காற்றுத் திருகு, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். இஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் திருகு, உள்ளே திருப்பினால்தான் குறையும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர் கையில் வண்டி ஒருநாளும் சரியாகாது. எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்று டேங்க் மேல் பேனாவால் எழுதிவையுங்கள்.

கீழே இறங்கியதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மலைக்காகப் பெட்ரோலைக் குறைத்த வண்டியைச் சமவெளி வெயிலில் முழு வேகத்தில் ஓட்டினால் இஞ்சின் கொதித்து பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், ஓட்டையும் விழலாம். மலையில் பிழைத்த வண்டி மாண்டலே வாசலில் போய்ச் சாவது இப்படித்தான்.

ஊசி வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் புது வண்டிகளில் சென்சார் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். நாம் தொட ஒன்றுமில்லை. வலு மட்டும் குறையும். ஹோண்டாவில் இஞ்சின் விளக்கு சிமிட்டினால் எண்ணுங்கள்: நீண்ட சிமிட்டலுக்கு 10, குறுகியதற்கு 1. 12 என்று வந்தால் தெளிப்பான் அல்லது அதன் கனெக்டர், 7 என்றால் வெப்ப சென்சார். கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினால் பாதி நேரம் சரியாகிவிடும். மீதி நேரம் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். எங்கள் கணிப்பில், இந்த மலைகளுக்கு இன்னமும் பழைய கார்புரேட்டர் போட்ட சீன 125தான் சரியான வண்டி. கென்போ போன்ற வண்டிகளின் உதிரிபாகம் வெற்றிலைபாக்குக் கடையிலும் தொங்கும்.

கிளம்பும் முன்பே செய்யக்கூடிய ஒன்று: முன் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பற்சக்கரம்) 14 பல் என்றால் 13 பல் போடுங்கள். ஏற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் கூடுதல் இழுவை கிடைக்கும், நேர்ச்சாலையில் வேகம் ஏறத்தாழ அதே அளவு குறையும். பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் இது கட்டாயம்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

கொக்தெய்க்கில் சாலை ஊசிவளைவுகளாகப் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி மறுகரையில் ஏறுகிறது. சரக்கு லாரிகள் தங்கள் பிரேக் டிரம்மின் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இறங்கும். அதனால் கோடையிலும் வளைவுகளில் சாலை ஈரம், டீசலும் கலந்திருக்கும். அங்கே முன்பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. லாரிக்காரரைப் பார்த்து நீங்களும் சூடேறிய டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்: உங்கள் சிறு டிரம் விரிசல் விடும், டிஸ்க் நெளியும்.

மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது, கருகிய வாடை வருகிறது. டிரம் சூட்டில் விரிந்துவிட்டது, ஷூவின் முகம் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. 15 முதல் 20 நிமிடம் நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போதே நட்டை இறுக்கும் அவசரம்தான் பெரிய தவறு: ஆறியதும் டிரம் சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும், சக்கரம் சுற்றாது, மறுபடி சூடேறும். ஆறிய பிறகும் மிதி ஆழமாகவே போனால் அப்போது இறுக்குங்கள். டிரம்மின் வெளியே பிரேக் கம்பி இழுக்கும் நெம்புகோலில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக் மிதித்தபடி பார்த்தால் அது டிரம் தட்டில் உள்ள குறியைத் தொடக் கூடாது. தொட்டால் ஷூ தீர்ந்தது, இறுக்கிப் பயனில்லை. ஷூ தடிமனாக இருந்தும் பிடிக்காவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து மாட்டுங்கள். அந்தத் தூளை ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடையுங்கள்.

முன்னால் டிஸ்க் என்றால் அறிகுறி வேறு. பிடி மெத்தென்று ஸ்பாஞ்சுபோல் அமுங்கும், ஆறியதும் பழையபடி கெட்டியாகும். பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் இழுத்துக்கொண்ட பிறகு அதுவே 155 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 3க்கு 205, 140. மூன்று மழைக்காலம் பார்த்த ஆயிலோடு கொக்தெய்க் இறங்கக் கூடாது. மாற்றும் முறை: காலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) சிறு நிப்பிளில் பெரும்பாலும் 8 எண் ஸ்பேனர் சேரும். அதில் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் டியூபைச் செருகி மறுமுனையைக் குப்பிக்குள் விடுங்கள். பிடியை மூன்று நான்கு முறை அமுக்கி, அமுக்கியபடியே வைத்து, நிப்பிளைக் கால்சுற்று திறந்து, மூடி, பிறகே பிடியை விட வேண்டும். மேலே உள்ள கிண்ணம் எந்த நேரத்திலும் வற்றக் கூடாது. வற்றினால் காற்று புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆயில் பெயின்ட்டைத் தின்னும், கையோடு துடையுங்கள். பிடி அமுங்கி அமுங்கிக் கைப்பிடிவரை மெல்ல இறங்கினால் அது ஆயில் கோளாறு அல்ல, மேலே உள்ள ரப்பர் வாஷர் போய்விட்டது. அந்த வண்டியை ஓட்டி இறங்க வேண்டாம்.

‘எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்’ என்பார்கள். பிரேக்கைச் சூடாக்கும் காரணமே ஓட்டும் முறைதான். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இஞ்சின் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பிடி இல்லாத வண்டியில் கால் கியர் மிதியின் மேலேயே ஊன்றி இருந்தால் கிளட்ச் விலகி இஞ்சின் பிடிப்பு போய்விடும். மிதித்ததும் காலை எடுக்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க சாவியை அணைத்து நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தைப் பற்றி எழுதவே கை கூசுகிறது, ஆனால் செய்கிறார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இஞ்சின் பிடிப்பு சொற்பம். அதைச் சின் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பெட்ரோல் ஊற்றிய அரை மணியில் திணறல்

மலைக்குள் பங்க் குறைவு. சாலையோரத்தில் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குப்பிகளில் ‘தாத்சி’ (பர்மிய மொழியில் பெட்ரோல்) விற்பார்கள். பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் மழைக்காலத்தில் தண்ணீரும், எப்போதாவது மண்ணெண்ணெயும் கலந்து வரும்.

வாங்கும் முன் குப்பியை அசைக்காமல் வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக முத்துமுத்தாக நிற்கும். ஒரு துளியை வெள்ளைத் தாளில் விடுங்கள்: பெட்ரோல் ஓரிரு நிமிடத்தில் கறையின்றிப் பறந்துவிடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாகத் தங்கும். ஊற்றியே ஆக வேண்டும் என்றால் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், குப்பியின் கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே ஊற்றித் திணறுகிறது என்றால், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். தண்ணீர் தெரிந்தால் தெளிவாக வரும்வரை வடியுங்கள். மண்ணெண்ணெய் என்றால் வடித்துப் பயனில்லை. நல்ல பெட்ரோலைக் கலந்து நீர்க்கச் செய்து, ஏற்றத்தில் கியரைக் குறைத்து, மெதுவாக அடுத்த பங்க்வரை போங்கள். ‘கடகட’ என்று இஞ்சினுக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் கேட்டால் பெட்ரோலின் தரம் போதவில்லை என்று பொருள். ஆக்சிலேட்டரைத் திருகாமல் கியரை இறக்குங்கள். 

விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

டிசம்பர், ஜனவரியில் ஷான் மலையின் கலாவிலும் சின் மலையின் ஹாக்காவிலும் விடியற்குளிர் நீர் உறையும் அளவை நெருங்கும். செல்ஃபை அமுக்கி அமுக்கி பேட்டரியைக் கொல்வதற்கு முன், சாவி போடாமல் ஐந்தாறு முறை மெதுவாக உதையுங்கள். கெட்டியாகிப்போன ஆயில் இளகும். பிறகு சோக் இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஒரே அழுத்தமான உதை.

இஞ்சின் எழவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சிறு இஞ்சின்களுக்கு 16 எண் பிளக் ஸ்பேனர், சீன 125களில் பலவற்றுக்கு 18. ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் அளவுக்கு மீறி ஊறிவிட்டது: சோக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, பிளக் இல்லாமலேயே பத்து உதை, பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கை அதன் மூடியோடு இணைத்து, மரையின் உலோகம் இஞ்சின் தலையைத் தொடும்படி வைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடித்து உதையுங்கள். நீலமாகச் ‘சட்’டென்று வர வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் புதுப் பிளக். மாட்டும்போது முழுக்கக் கைவிரலால் திருகி, பிறகே ஸ்பேனர்: புதிதானால் அரைச்சுற்று, பழையதானால் எட்டில் ஒரு பங்கு முதல் கால்சுற்று. அலுமினிய மரை கிழிந்தால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்தது.

ஊசித் தெளிப்பு வண்டியில் சாவி போட்டதும் இரண்டு நொடி ‘ஸ்ஸ்’ என்று பம்ப் முனகுவதைக் கேளுங்கள். கேட்காவிட்டால் ஃபியூஸ் அல்லது பேட்டரி. ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட்டைத் தொட வேண்டும், 12.2க்குக் கீழே செல்ஃபை நம்ப வேண்டாம். இரவில் பேட்டரியைக் கழற்றி அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது கேலிக்குரியதாகத் தோன்றலாம், காலையில் தெரியும்.

குளிரோ இல்லையோ, தினமும் காலையில் ஆயில் பாருங்கள். இந்த வகை இஞ்சினில் மொத்தமே 0.8 லிட்டர் சுமார். 200 மில்லி தேய்ந்தால் கால்வாசி போயிற்று. அளவுக் குச்சியைத் திருகாமல், மரையின் மேல் வைத்து மட்டுமே அளக்க வேண்டும். கடைகளில் இஞ்சின் ஆயிலை ‘இஞ்சின் வைன்’ என்று கேளுங்கள்.

ஓடைத் தண்ணீரில் நின்றுவிட்டது

உதைக்காதீர்கள். செல்ஃபையும் அமுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியை அணைத்துத் தள்ளிக்கொண்டு கரைக்கு வாருங்கள்.

கரையில்: பிளக்கைக் கழற்றி, துளைக்கு நேரே முகத்தை வைக்காமல், பத்துப் பதினைந்து முறை உதையுங்கள், தண்ணீர் பீறிட்டு வரும். ஏர் ஃபில்ட்டர் பெட்டியைத் திறந்து தண்ணீரை வடித்து ஃபில்ட்டரை உலர்த்துங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தை வடியுங்கள். இருவராக முன்சக்கரத்தைத் தூக்கி சைலன்சரில் தேங்கியதை வெளியேற்றுங்கள். பிளக் மூடியின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். கடைசியாக ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் ஆயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, சில நிமிடம் மட்டும் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி புதிது. இரண்டு முறை மாற்றுவது வீண்செலவு அல்ல. முதல் ஆயில் கழுவுவதற்கு, இரண்டாவது ஓட்டுவதற்கு.

ஓடை கடந்த பிறகு இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடி 200, 300 மீட்டர் ஓட்டினால் டிரம் காயும். காயும் முன் இறக்கம் வந்தால் நின்று விடுங்கள். எவ்வளவு ஆழம்வரை இறங்கலாம்? சக்கரத்தின் நடுத்தண்டு முழுகாத வரை. அதற்கு மேல் என்றால் முதலில் நடந்து பாருங்கள், அல்லது வேறு வண்டி கடப்பதைப் பார்த்துக் காத்திருங்கள்.

பஞ்சர் ஒட்டியும் மறுபடி பஞ்சர்

‘பீ பௌக்’ (பஞ்சர்) என்றாலே எந்தக் குக்கிராமத்திலும் யாராவது காற்றடிக்கும் பம்போடு வந்துவிடுவார்கள். ஒட்டுபவரை ‘சயா’ (ஆசான்) என்று மரியாதையாக அழையுங்கள், வேலை பொறுமையாக நடக்கும். சக்கரத்தைக் கழற்றாமல் ஒரு பக்கம் மட்டும் டயரை நெம்பி டியூபை உருவி ஒட்டுவதில் அவர்கள் கை தேர்ந்தவர்கள். நமக்கு வேண்டியது, துளை எங்கே என்று பார்ப்பது மட்டும்.

டியூபின் வெளிப்புறத்தில் ஒரு துளை என்றால் முள் அல்லது ஆணி. டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள், முள் இன்னும் அங்கேயே இருக்கும். வெறுங்கையால் தடவினால் கை கிழியும். பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு துளை என்றால் காற்று குறைவாக இருந்து கல்லில் ரிம் இடித்திருக்கிறது. உட்புறத்தில், ரிம்மைப் பார்த்த பக்கம் துளை என்றால் ஆரக்கம்பியின் முனை குத்துகிறது. ரிம்மைச் சுற்றிய ரப்பர் நாடா அறுந்திருக்கும். பழைய டியூபிலிருந்து ஒரு பட்டையை வெட்டிச் சுற்றினால் போதும். காற்றடிக்கும் மௌத் கிழிந்திருந்தால் ஒட்ட முடியாது, புது டியூப்தான். காற்று குறைந்து டயர் ரிம்மின் மேல் நகர்ந்ததால் வந்தது அது.

17 அங்குலச் சக்கரத்தில் ஒருவர் மட்டும் ஓட்டினால் முன் 29, பின் 33 பிஎஸ்ஐ. பின்னால் ஆளோ கனத்த மூட்டையோ இருந்தால் பின்சக்கரத்துக்கு 41 வரை. ஒரு டியூப் மட்டும் எடுத்துப்போக இடம் இருந்தால் முன்சக்கர அளவை எடுங்கள். சிறிய டியூப் பெரிய டயரில் விரிந்து தாங்கும். பெரியது சிறிய டயரில் மடிந்து கிழியும்.

பின்பக்கம் வாலாட்டுகிறது

காற்று சரி என்றால் ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டுங்கள். இறுக்கமானது ‘டிங்’ என்னும், தளர்ந்தது ‘டொக்’ என்னும். தளர்ந்ததைக் கால்சுற்று மட்டும் இறுக்கி, எதிர்ப்பக்கக் கம்பியையும் சரிபாருங்கள். ஒரேயடியாக இறுக்கினால் ரிம் கோணும். ஒன்று உடைந்திருந்தால் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டிவிட்டு மெதுவாகப் போகலாம். அடுத்தடுத்து இரண்டு உடைந்தால் நிறுத்துங்கள். கம்பிகள் சரி என்றால் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்: ‘கடக்’ என்று ஆடினால் பேரிங்.

கேரியரின் வெல்டிங் விட்டிருப்பதும் இதே ஆட்டத்தைத் தரும். கல்சாலையில் கேரியர் மேல் 10 கிலோவுக்கு மேல் வைக்க வேண்டாம். கனமானதைக் காலுக்கு நடுவே வையுங்கள். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி வயரையும் சிடிஐ பெட்டியையும் (பிளக்குக்குப் பொறி தரும் மின்கருவி) கழற்றச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கழற்ற மாட்டார்கள்.

செயின்

மூடிய உறைக்குள் இருப்பதால் மறந்துவிடுகிறோம். நடுவில் மேலும் கீழும் 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும்; சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். மூட்டை ஏற்றினால் செயின் இன்னும் இறுகும், ஆகவே தளர்வு பக்கமே சாய்ந்திருக்கட்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லிலிருந்து செயினைப் பின்னோக்கி இழுத்தால் பாதிப் பல் தெரிகிறதா? மாற்றுங்கள். இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். உதிரிக் கிளிப் இரண்டு எடுத்துவையுங்கள். 420 அல்லது 428 என்று செயின் தட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

விளக்கும் ஹாரனும் ஒன்றாகச் செத்தால்

ஃபியூஸ். அதே ஆம்பியர் எண்ணுள்ளதைப் போடுங்கள், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி மாட்டினால் வயர் எரியும். போட்டதும் மறுபடி போனால் ஹேண்டிலை முழுக்க இடதுக்கும் வலதுக்கும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் போனால் ஹேண்டில் கழுத்தில் வயர் உரசித் தோல் உரிந்திருக்கிறது. டேப் சுற்றி வயரைத் தளர்வாகக் கட்டுங்கள்.

லாரியில் ஏற்றத்தான் வேண்டும் என்றால்

மேலே போகும் லாரி எதுவும் பைக்கை ஏற்றிக்கொள்ளும். கட்டணத்தை ஏற்றும் முன்பே பேசுங்கள். பெட்ரோலைக் குப்பியில் வடித்துவிடுங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள். முன்சக்கரத்தை லாரியின் முன்பலகையோடு முட்டவைத்து, ஹேண்டிலின் இரு பக்கமும் கயிறு போட்டு, முன்ஃபோர்க் பாதி அமுங்கும்வரை கீழ்நோக்கி இறுக்குங்கள். சைடு ஸ்டாண்டை மடித்துவிட வேண்டும், கியரில் போட்டு வைக்க வேண்டும். கயிறு படும் இடத்தில் பழைய டியூப் துண்டைச் சுற்றுங்கள். முதல் பத்து கிலோமீட்டரில் கயிறு கட்டாயம் தளரும். அங்கே ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லி ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.